பஞ்சத்தை அச்சிட்ட நோட்டுகள்

1943ஆம் ஆண்டின் பிற்பாதியில் காளிகாட் உள்ளிட்ட கல்கத்தா வீதிகளில் வீட்டுக்கு வீடு ஒரு குரல் ஒலித்தது: "கொஞ்சம் வடிகஞ்சி கொடுங்கள், அம்மா!" சோறு கேட்கும் துணிவுகூட இழந்திருந்த அம்மக்கள், நெல் விளைவித்த கிராமங்களிலிருந்து வந்தவர்களே.

1942 டிசம்பரில் ஒரு மவுண்டு (சுமார் 37 கிலோ) அரிசியின் மொத்த விலை 13, 14 ரூபாய். 1943 ஆகஸ்டில் அது 37 ரூபாய். பர்மா அரிசி நின்றதும், மிதுனாபுரிப் புயலும் காரணங்களே. ஆனால் அவை மட்டுமே காரணங்கள் அல்ல. 1943இல் வங்கத்தில் இருந்த உணவு தானியம் 1941இல் இருந்ததைவிட அதிகம் என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதினார். 1941இல் பஞ்சம் இல்லையே!

விடை போர்ச் செலவில் இருக்கிறது. இந்திய மண்ணில் பிரிட்டன் வாங்கிய சரக்குக்கும் சேவைக்கும் உரிய தொகை லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் எழுதப்பட்டது. அந்தக் காகிதத்தை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டுகள் அச்சிடப்பட்டன. போருக்கு முன் 200 கோடி ரூபாயை எட்டாத நோட்டுப் புழக்கம், போர் முடிகையில் 1,000 கோடியைத் தாண்டிவிட்டது.

புதிய நோட்டு எல்லோர் கைக்கும் ஒரே நாளில் வருவதில்லை. இராணுவ ஒப்பந்தக்காரருக்கும் ஆலை முதலாளிக்கும் முதலில் வந்தது. அவர்கள் பழைய விலையில் வாங்கினர். விலை ஏறும் என்றறிந்த வணிகர் பதுக்கினர். பதுக்கல் விலையை மேலும் ஏற்றியது. கூலி உயராத விவசாயத் தொழிலாளியும் மீனவரும் கைவினைஞரும் கடைசியில் நின்றனர். சுமார் 30 லட்சம் பேர் மாண்டனர்.

ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்றான 1923ஆம் ஆண்டு ஜெர்மனியின் அதிபணவீக்கத்தோடு இதை ஒப்பிட முடியாதுதான். ஆயினும் உயிரைப் பறிக்க விலை கோடி மடங்கு ஏற வேண்டியதில்லை. கூலி நிற்க, அரிசி மூன்று மடங்கானால் போதும்.

அதே பேரரசு தன் நாட்டு மக்களுக்கு 1940 ஜனவரியிலேயே பங்கீட்டைத் தொடங்கியது. கல்கத்தாவுக்கு அது வந்தது 1944இல், பிணங்கள் அகற்றப்பட்ட பிறகு.

ஆகவே பணவீக்கம் என்பது நோட்டுகளின் எண்ணிக்கை மட்டுமன்று; யார் பையிலிருந்து யார் பைக்கு வருமானம் போகிறது என்னும் வர்க்கக் கேள்வி. ஏழையின் தட்டுக்கும் சந்தை விலைக்கும் இடையே நிற்கும் தடுப்பணை பொது விநியோகமே. 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டின் பெயரால் அதில் உடைப்பு ஏற்படுத்தியது. தமிழகம் அனைவருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. அந்த அணையை நாடெங்கும் மீண்டும் கட்டுவது இயக்கத்தின் உடனடிக் கடமை. காளிகாட்டின் அந்தக் குரல் கேட்பது கருணையை அல்ல, உரிமையை.