பேய் விளையாட்டாம்

அன்புவழிபுரத்தில் ஆசிரியர்கள் சிலர் கூடி ‘பேய் விளையாட்டு’ விளையாடுகிறார்களாம், பிள்ளைகளும் கெட்டுப்போவார்களாம். கதை எங்கள் காதுக்கும் வந்தது.

அதன் பெயர் ‘டெட் ஒஃப் வின்டர்’. 2014இல் வந்த பலகை விளையாட்டு. வெளியே ஸொம்பிகள், உள்ளே தப்பிப் பிழைத்த கொஞ்சப்பேர். இரண்டு பேருக்கு ஒரு பங்கு சாப்பாடு. 2022இல் கேஸ் வரிசையில் நின்ற எவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆளுக்கொரு இரகசிய அட்டை உண்டு. நான்கு பேர் ஆடினால் 9 அட்டைகளைக் கலந்து 4 கொடுப்போம். அந்த 9இல் துரோகி அட்டை ஒன்றே ஒன்று. கணக்குப் பாருங்கள், பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் துரோகியே இல்லை! ஆனாலும் ஒருவர் மருந்தைப் பதுக்கினால் போதும் (அவருடைய அட்டை அதைத்தான் கேட்டிருக்கும்), வாக்கெடுத்து வெளியே தள்ளலாம்.

இதைப் பார்த்தா பிள்ளைகள் கெடுவார்கள்? 2018இல் அம்பாறையில் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை என்று கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அரச பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி. 1990இல் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது வாக்கெடுப்புக்கூட நடக்கவில்லை. அங்கே எந்த ஸொம்பி வந்தது?

எங்கள் மேசையில் ஆட்டம் முடிந்ததும் எல்லா அட்டையும் திறக்கப்படும். துரத்தியவர் துரத்தப்பட்டவரின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். வட்ஸ்அப்பில் வதந்தி அனுப்புகிறவர் யார் முகத்தைப் பார்க்கிறார்?

சந்தேகமுள்ள பெற்றோர் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள். ஐந்து பேர்தான் ஆடலாம், மற்றவர்கள் பார்க்கலாம். இஞ்சிப் பிளேன்டீ எங்கள் செலவு.