'அதுவே பார்த்துக்கும் ப்ரோ!' - அடாஸ் காரும் 92 பேரைப் பலிகொண்ட விமானமும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டாவில், 2024 ஜனவரியிலிருந்து 'அடாஸ்' வருகிறது. முன்னால் வண்டி நெருங்கினால் தானே பிரேக் போடும். லேன் விலகினால் ஸ்டீயரிங்கைத் திருப்பும். சூப்பர்தான். ஆனால், 'அதுவே பார்த்துக்கும் ப்ரோ' என்று கையை எடுப்பவர்கள் ஒரு பழைய விபத்தைத் தெரிஞ்சுக்கணும்.

1990 பிப்ரவரி 14. மும்பையிலிருந்து பெங்களூரு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ320. அன்றைக்கு நம்ம நாட்டுக்கே புதுசான, கம்ப்யூட்டர் நிறைந்த விமானம். இறங்கும்போது, எஞ்சின் விசையைக் குறைத்தே வைத்திருக்கும் 'ஐடில் டிசென்ட்' மோடில் இருந்தது. அந்த மோடில் கம்ப்யூட்டர் எஞ்சின் விசையைக் கூட்டி வேகத்தைப் பிடித்து வைக்காது. வேகம் சரிந்துகொண்டே போனது. 400, 300, 200 அடி என்று குரல் ஒலித்தது. காக்பிட்டில் இரண்டு கேப்டன்கள். மோடு தெரிந்தும், விசையைக் கூட்டத் தாமதித்தார்கள் என்றது விசாரணை. ரன்வேக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்ததில் 92 பேர் இறந்தார்கள்.

அவர்களாவது பயிற்சி எடுத்த விமானிகள். நமக்குக் கிடைப்பது டெலிவரி அன்று ஷோரூமில் ஒரு டெமோ!

ஒரகடம் ரோட்டில் ராங் சைடில் பைக் வரும், கம்பெனி பஸ் திடீரென நிற்கும். லேன் கோடு அழிந்த இடத்தில் கேமராவுக்கு லேனே தெரியாது. எது எப்போ வேலை செய்யாதுன்னு டெமோவிலேயே கேட்டுடுங்க.