இரண்டு ‘நான்’

பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தல் போட்டி. அக்கா மகள் போன வாரம் முழுக்கப் பாரதியின் ‘நான்’ பாட்டை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை ராத்திரி புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: “கட்டுரையில ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினா மிஸ் சிவப்பு மையில சுழிக்கிறாங்க. இவர் மட்டும் இத்தனை ‘நான்’ போட்டிருக்காரே மாமா?”

நியாயமான கேள்வி. மிஸ் பக்கம் நன்னூலே நிற்கிறது. அது சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ ஒன்று. போதாக்குறைக்கு, தமிழில் ‘வந்தேன்’ என்றாலே வந்தது யார் என்று தெரிந்துவிடும். ‘நான்’ உபரிதான்.

பாட்டை மறுபடி எடுத்து உட்கார்ந்தோம். முதலில் பறவை, விலங்கு, மரம், காற்று, கடல். இதெல்லாம் நான் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் கசக்காது. கொஞ்சம் தள்ளிப் புழு வருகிறது. பிறகு கம்பன் கவி, மாடம், கோபுரம், இன்பம். அடுத்ததாக, அற்ப மனிதர்களின் பொய்! பொறுக்க முடியாத துன்பம்! கோபுரத்தை ‘நான்’ என்று சொல்லிவிட்டவர் பொய்யை மட்டும் ‘அவன்’ என்று தள்ளிவிட முடியுமா? முடிவுக்கு வரும்போது, ‘நான்’ என்பதே ஒரு பொய் என்கிறார்; அந்தப் பொய்யை நடத்துகிறவனுக்கும் ‘நான்’ என்றே பெயர் வைக்கிறார். ஒரே வரியில் இரண்டு ‘நான்’. ஒன்று பொம்மை, இன்னொன்று ஆட்டுவிப்பவன்.

வந்த சொல்லே மறுபடி வந்தால் அது பின்வருநிலையணி. பொருளும் மாறாமல் வந்தால் சொற்பொருட்பின்வருநிலை; சொல் அதுவாகவே இருந்து பொருள் வேறானால் சொற்பின்வருநிலை. இந்தப் பாட்டு முதலாவதாகத் தொடங்கி இரண்டாவதாக முடிகிறது என்பேன். இடையில் நடப்பதுதான் தன்னை அறிதல். சொல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சொல்கிறவன் எங்கேயோ போய்விட்டான்.

நம்மாழ்வாரும் திருவாய்மொழியின் ஐந்தாம் பத்தில் ‘யானே’ என்பதை இப்படி அடுக்கியிருக்கிறார். உலகைப் படைத்ததும் உண்டதும் தானே என்கிறாள் அந்தப் பாட்டில் வரும் மகள். அதைக் கேட்டுத் திகைக்கிற தாய், திருமால் வந்து ஏறிவிட்டானோ என்று நினைக்கிறாள். அங்கே மகளின் வாயில் பேசுவது இன்னொருவன். பாரதிக்கு அப்படி யாரும் வந்து ஏறவில்லை. பறவையிலிருந்து பொய்வரை ஒவ்வொன்றாகத் தானே ஏற்றுக்கொண்டுதான் அந்தக் கடைசி ‘நானு’க்கு வந்து சேர்கிறார்.

“எல்லா ‘நானை’யும் ஒரே குரல்ல சொல்லாதே. பொய்னு வர்ற வரியில, ‘நான்’ சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் தயங்கு. அவ்வளவு லேசா ஒத்துக்கிற விஷயமா அது?” என்று சொல்லிக்கொடுத்தேன்.

சனிக்கிழமை அவள் அப்படியே தயங்கியிருக்கிறாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நடுவர் பரிதாபப்பட்டு ‘நான்’ என்று எடுத்துக் கொடுத்தாராம். பரிசு கிடைக்கவில்லை.