கூரையின் கீழ் எத்தனை சதுர அடி?

எம் மைத்துனர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். சென்ற மாதம் வரைபடமும் ஒப்பந்தகாரர் எழுதிய மதிப்பீடுமாக எம் இல்லம் வந்து சேர்ந்தார். "அத்தான், ஓட்டுக்குக் கீழே இன்னொரு வீடு சும்மா கிடக்குது" என்றார், பூரிப்புடன். மதிப்பீட்டிலே மேலறைக்கு 720 சதுர அடி என்று எழுதி, அத்தனைக்கும் பணம் கேட்கப்பட்டிருந்தது. நாம் பென்சிலை எடுத்துக்கொண்டோம். செங்கோண முக்கோணம் எதற்குப் பயன்படுமென்று வினவும் மாணவர்களும் சற்று அருகே வந்து அமரலாம்.

வீட்டின் அகலம் 24 அடி. நீளம் 30 அடி. ஆகவே தரை 720 சதுர அடி என்பது மெய்யே. ஆனால் வாழ்பவனுக்குத் தலை என்றொன்றும் உண்டல்லவா? கூரைச் சரிவு 30 பாகை. சுவரிலிருந்து ஓரடி உள்ளே செல்லுந்தோறும் கூரை ஏறத்தாழ 7 அங்குலம் உயரும். 12 அடி சென்று முகட்டின் நேர்கீழே நின்றால் உயரம் 6 அடி 11 அங்குலம். கைமரத்தின் தடிப்பு, உட்கூரைப் பலகை, வெயிலிலே காயும் ஓட்டுக்கும் பலகைக்குமிடையே காற்றோட விடும் வெளி ஆகியவற்றை இதிலிருந்து கழிக்கவேண்டும். எளிமை கருதி இங்கே அவற்றை விட்டுவிடுகிறோம், கட்டுபவர் விடலாகாது.

எவ்வளவு உயரமிருந்தால் அது வாழுமிடமாகும்? அமெரிக்காவில் வீட்டுப் பரப்பை அளக்கும் நியமம், சாய்கூரை அறைகளில் 5 அடிக்குக் குறைந்த இடத்தைச் சேர்ப்பதில்லை. சேர்த்த பரப்பிற் பாதியேனும் 7 அடி உயரம் பெற்றிருத்தல் வேண்டும். ஜெர்மனியர் 2 மீற்றரும் அதற்கு மேலுமாயின் முழுப் பரப்பையும், 1 மீற்றர் முதல் 2 மீற்றர் வரை பாதியையும் கொள்வர். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நாம் முதலாவதைக் கைக்கொண்டோம். 720 சதுர அடியில் ஒன்றுகூடத் தேறவில்லை. மைத்துனரின் முகம் வாடிவிட்டது.

சரிவை 45 பாகையாக்கினால் என்ன? முகடு 12 அடி உயர்கிறது. 5 அடி உயரமுள்ள அகலம் 14 அடி; பரப்பு 420 சதுர அடி. கைமரத்தின் நீளம் காண, 12ஐ அக்கோணத்தின் கோசைனால் வகுக்கவேண்டும். இதன்படி ஓடு வேயும் பரப்பு, தாழ்வாரம் நீங்கலாக, 831 சதுர அடியிலிருந்து 1018க்கு ஏறிவிடுகிறது.

வேறொரு வழியும் உண்டு. சரிவை 30 பாகையிலேயே விட்டு, மேற்றளத்திலிருந்து சுவரை 3 அடி உயர்த்துவது. 5 அடி உயரமுள்ள அகலம் இப்போது 17 அடி. பரப்பு 512 சதுர அடி. 7 அடி உயரமும் 10 அடி அகலத்துக்குக் கிடைக்கிறது. ஓர் ஓடும் மிகுதியில்லை. நாற்புறமும் சேர்த்து 324 சதுர அடிச் சுவரே மேலதிகம்.

ஆயினும் இங்கேதான் ஆபத்து இருக்கிறது. கைமரங்கள் சுவரை வெளியே தள்ளும் இயல்பின. சுவர்மட்டத்திற் குறுக்கே கிடக்கும் தீராந்திகளே அத்தள்ளுதலைப் பிடித்து நிறுத்துகின்றன. சுவரை 3 அடி உயர்த்தியதும் தீராந்தி எம் இடுப்புக்குக் குறுக்கே வந்து நிற்கும். வழியை மறிக்கிறதென்று அதை வெட்டியெறிந்தவர் ஒருவரின் சுவர் வெடித்துச் சாய்ந்து நின்றதை நாமே கண்டிருக்கிறோம். முகட்டு வளையைத் தூண்கள்மீது பலமாகத் தாங்கவைத்தால் தள்ளுதல் பெரிதும் குறையும். அவ்வளையின் கனம் எவ்வளவென்பதைப் பொறியியலாளரிடமே கேட்கவேண்டும். அங்கே எம் பென்சில் செல்லாது.

படிக்கட்டையும் மறத்தலாகாது. 10 அடி ஏற, 7 அங்குல உயரத்தில் 17 படிகள். ஓட்டம் 13 அடிக்கு மேல். 3 அடி அகலமாயின் 40 சதுர அடி போய்விடும். அதுவும் தலையிடியாதபடி முகட்டை நோக்கியே ஏறவேண்டும். எஞ்சியது 470 சதுர அடி.

மைத்துனர் அத்தொகையைக் குறித்துக்கொண்டு ஒப்பந்தகாரரிடம் சென்றார். இரண்டு நாளில் அவர் மனைவியும் உடன் வந்தார். தம் 6 அடி அலுமாரியை எங்கே வைப்பதென்று கேட்டார். கணக்குப் பார்த்தோம். பக்கச் சுவரிலிருந்து 5 அடிக்கு மேல் உள்ளே தள்ளினாற்றான் அது நிமிர்ந்து நிற்கும். முகடு தாங்கும் முக்கோணச் சுவரோரம் வைக்கலாம் என்றோம். அங்கேதான் யன்னல் வரைந்திருந்தது. யன்னலை இரண்டடி நகர்த்தச் சம்மதித்துவிட்டார்கள்.