அண்ணா, ஸ்ட்ரா வேணாம்!

பௌர்ணமி கிரிவலம் போயிருக்கீங்களா? திருவண்ணாமலையில படிச்சுட்டு ஒரு தடவை கூடப் போகாதவங்க நம்ம காலேஜ்ல ரொம்பக் கம்மி. ராஜகோபுரத்துல ஆரம்பிச்சு மலையைச் சுத்தி 14 கிலோமீட்டர். நிருதி லிங்கம் வரைக்கும் அரட்டை. வாயு லிங்கம் தாண்டினா கால் கெஞ்ச ஆரம்பிக்கும். குபேர லிங்கம் வர்றதுக்குள்ள கூட்டத்துல யாராவது ஒருத்தன் கண்டிப்பா சொல்லுவான்: "மச்சி, ஒரு இளநி குடிச்சுட்டுப் போலாம்டா."

அப்படித்தான் ஒரு ராத்திரி நாங்களும் நின்றோம். கடைக்கார அண்ணன் காயை எடுத்தார், நாலு சீவு சீவினார், வாயைத் திறந்தார், ஸ்ட்ராவைச் செருகி நீட்டினார். எல்லாம் சேர்த்துப் பத்து செகண்ட் இருக்கும்.

"ஸ்ட்ரா வேணாம்ணா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அத்த மொதல்லயே சொல்ல வேணாமா தம்பி?" என்று ஸ்ட்ராவை உருவிக் கீழே போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்குக் காய் சீவப் போய்விட்டார்.

நான் ஒரு வாய் கூட உறிஞ்சாத அந்த ஸ்ட்ரா, மத்த ஸ்ட்ராக்களோடு சேர்ந்து ரோட்டோரம் கிடந்தது. என் கொள்கையால் மலைக்கு ஒரு பைசா லாபம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலில் எழுதினதுதான்.

முதல்ல ஒரு விஷயம். பிளாஸ்டிக் ஸ்ட்ரா நம்ம மாநிலத்துல தடை செய்யப்பட்ட பொருள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அந்தப் பட்டியலில் கேரி பேக், தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட் எல்லாவற்றோடும் 'பிளாஸ்டிக் உறிஞ்சு குழல்' என்று ஸ்ட்ராவும் இருக்கிறது. நாம் 'பேப்பர்தானே' என்று நினைத்து டீ குடிக்கிற, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் அதே பட்டியலில் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கவே ஸ்ட்ராவுக்குத் தடை. சின்ன ஜூஸ் பாக்கெட் கம்பெனிகள் கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பார்த்தன, கிடைக்கவில்லை. பாக்கெட் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஸ்ட்ரா பேப்பர் ஸ்ட்ராவாக மாறியது அதற்குப் பிறகுதான்.

பெரிய கம்பெனி மாறிவிட்டது. தள்ளுவண்டி மாறவில்லை. ஏன்?

"அரசாங்கம் சரியில்ல, யாரும் செக் பண்றதில்ல" என்று முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி நாம்தான். ஸ்ட்ரா இல்லாமல் இளநீரை நீட்டினால் "என்னண்ணா, ஸ்ட்ரா இல்லையா?" என்று கேட்பது யார்? பக்கத்துக் கடையில் ஸ்ட்ரா இருக்கிறது என்று அங்கே நகர்வது யார்? ரெய்டு வந்தால் அபராதம் கட்டுவது அந்த அண்ணன். உறிஞ்சிவிட்டுப் போவது நாம்.

சரி, ஒரு ஸ்ட்ராவால என்ன ஆகிடும்? இன்ஜினியரிங் படிக்கிறோம், கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

ஒரு ஸ்ட்ரா சுமார் 20 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வகுத்தால் 70,000. அதாவது 70,000 ஸ்ட்ராவை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் மலையை ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் லட்சக்கணக்கில் ஜனம் வருகிற ஊர் இது. 70,000 நமக்குப் பெரிய எண்ணே இல்லை.

இப்போ எடையைப் பாருங்க. ஒரு ஸ்ட்ரா ஏறக்குறைய அரை கிராம். 70,000 ஸ்ட்ராவும் சேர்ந்து 35 கிலோதான். ஒரு அரிசி மூட்டை கூடக் கிடையாது.

"அட, இவ்வளவுதானா?" என்று தோன்றுகிறது இல்லையா? பிரச்சினையே அதுதான். காலி வாட்டர் பாட்டில் ரோட்டில் கிடந்தால் யாராவது எடுத்துவிடுவார்கள். நாற்பது ஐம்பது பாட்டில் சேர்ந்தால் ஒரு கிலோ, பழைய இரும்புக் கடையில் அதற்குக் காசு. ஸ்ட்ராவில் ஒரு கிலோ சேர 2,000 தடவை குனிய வேண்டும். எந்த மனுஷன் குனிவான்? ஸ்ட்ரா செய்கிற பாலிப்ரொப்பிலீன் மறுசுழற்சி செய்யக்கூடிய பிளாஸ்டிக்தான். ஆனால் இவ்வளவு சின்னதாக, லேசாக, எச்சிலும் மண்ணும் ஒட்டிக் கிடப்பதைப் பொறுக்கிப் பிரித்துக் கொடுக்க யாருக்கும் கட்டாது. துடைப்பத்துக்கும் தப்பும், காத்துக்குப் பறக்கும், மழைக்குக் கால்வாயில் போய் மிதக்கும். மலையில் பெய்கிற மழை கீழே குளத்துக்கும் ஏரிக்கும்தானே போய்ச் சேரணும்? ஸ்ட்ராவும் அதே வழியில்தான் போகிறது.

இளநீர்க் கூட்டுக்கு உள்ளேயே குத்தி விட்ட ஸ்ட்ரா இன்னும் மோசம். கூடு மட்டும் என்றால் அது மக்கும் குப்பை, உரமாகிவிடும். உள்ளே ஸ்ட்ரா நின்றால் அது மக்கும் குப்பையும் இல்லை, மக்காத குப்பையும் இல்லை. யாரோ ஒரு தூய்மைப் பணியாளர் ஒவ்வொரு கூடாகக் கை விட்டு உருவ வேண்டும். அரை கிராம் ஒரு கிலோ கூட்டைக் கெடுத்து வைக்கிறது.

அதனால நான் சொல்ல வருவது இதுதான். பாட்டிலைத் தூக்கிப் போட்ட பிறகும் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்ட்ராவைப் பிடிக்க ஒரே இடம்தான்: அது காய்க்குள் போவதற்கு முன்னால் இருக்கிற அந்தப் பத்து செகண்ட். அதைத் தவற விட்டால் அப்புறம் குப்பைத்தொட்டி, விழிப்புணர்வு போர்டு, கிளீனிங் டிரைவ் எதுவும் பெரிதாக உதவாது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி வரும். "கடல்ல இருக்கிற பிளாஸ்டிக்ல ஸ்ட்ரா ஒரு சதவீதம் கூட இல்லையாமே? இதை நிறுத்தி என்ன ஆகப் போகுது?" உண்மை. ஒரு சதவீதத்தை விட ரொம்ப ரொம்பக் குறைவு. ஸ்ட்ராவை நிறுத்தினால் உலகம் காப்பாற்றப்படும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 'அமெரிக்காவில் தினமும் 50 கோடி ஸ்ட்ரா' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2011-ல் மைலோ கிரெஸ் என்ற ஒன்பது வயதுப் பையன் ஸ்ட்ரா தயாரிப்பவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டு, தோராயமாகக் கணக்குப் போட்டது. பையனின் அக்கறை பெரியது. ஆனால் அது அளந்து சொன்ன எண் இல்லை. நமக்கு அந்த எண் தேவையும் இல்லை. நம்ம ரோட்டில் செருப்பில்லாமல் நடக்கிறவர் காலுக்குக் கீழே கிடப்பதை எண்ணினாலே போதும்.

ஸ்ட்ராவில் ஆரம்பிக்கச் சொல்வதற்கு என் காரணம் வேறு. தண்ணீர் பாட்டிலை விடச் சொன்னால் தாகத்துக்கு மாற்று வழி கேட்பீங்க. பார்சல் கவரை விடச் சொன்னால் சாம்பார் எதில் வாங்குவது என்பீங்க. ஸ்ட்ராவை விட்டால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே குறையாது. எதையும் இழக்காமல் விடக்கூடிய ஒன்றையே விட முடியவில்லை என்றால், மற்றதை எப்படி விடப் போகிறோம்?

'எச்சில் படுமே, சுத்தம் இல்லையே' என்று சிலர் சொல்வார்கள். இதுக்கு நம்ம பாட்டிகளிடம் எப்பவோ பதில் இருக்கிறது. சொம்பிலும் டம்ளரிலும் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற ஊர்க்காரர்கள் நாம். கடை டம்ளரில் கரும்புச் சாறையோ மோரையோ அண்ணாந்து ஊற்றிக்கொள்ளத் தெரிந்தவனுக்கு ஸ்ட்ரா எதுக்கு? இளநீர் என்றால் இன்னும் சுலபம். அந்தக் காயை உங்களுக்கு முன்னால் யாரும் குடிக்கவில்லை, உங்களுக்குப் பின்னால் யாரும் குடிக்கப் போவதும் இல்லை. நேரா வாய் வைத்துக் குடிக்கலாம். சட்டையில் சிந்தும் என்று பயமா? கிரிவலத்துக்குக் கையில் கொண்டு வர்ற பாட்டிலை நீட்டுங்க, ஊற்றிக் கொடுப்பார்கள். யோசித்துப் பார்த்தால், நாலு மணி நேரமாகத் திறந்த டப்பாவில் புழுதியில் நின்று, கடைக்காரர் ஈரக் கையால் உருவிக் கொடுக்கிற ஸ்ட்ராவைத்தான் நாம் 'சுத்தம்' என்று வாயில் வைக்கிறோம்!

இன்னொன்று கவனிச்சிருக்கீங்களா? குடித்து முடித்ததும் "வழுக்கை இருக்காண்ணா?" என்று கேட்போம். அவர் காயை இரண்டாகப் பிளந்து, அதே மட்டையில் ஒரு சீவு சீவி, கரண்டியாகக் கையில் கொடுப்பார். அதற்கு இதுவரை யாரும் பிளாஸ்டிக் ஸ்பூன் கேட்டதில்லை. இருப்பதிலேயே அருமையான டிசைன் அது. செலவில்லை, குப்பையில்லை. அதே காயில் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி ஏன் நமக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் தேவைப்பட்டது?

'அப்போ பேப்பர் ஸ்ட்ரா, ஸ்டீல் ஸ்ட்ரா?' பேப்பர் ஸ்ட்ரா ஒன்றும் புதுசு இல்லை. 1888-ல் மார்வின் ஸ்டோன் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் நிஜமாகவே வைக்கோல் தண்டில்தான் உறிஞ்சினார்கள், 'ஸ்ட்ரா' என்ற பேரே அதனால்தான். பிளாஸ்டிக்குக்குப் பேப்பர் பரவாயில்லை என்றாலும் அதிலும் சிக்கல் உண்டு. 2023-ல் பெல்ஜியத்தில் ஆராய்ச்சியாளர்கள் சோதித்த 20 பேப்பர் ஸ்ட்ரா பிராண்டுகளில் 18-ல் பிஃபாஸ் என்ற, எளிதில் அழியாத வேதிப்பொருள் இருந்தது. அளவு குறைவுதான், இருந்தாலும் இருந்தது. ஸ்டீலில் இல்லை. 'மக்கும்' என்று சொல்லி விற்கும் பி.எல்.ஏ. ஸ்ட்ராவும் 60 டிகிரி வெப்பம் உள்ள உரத் தொழிற்சாலையில்தான் ஒழுங்காக மக்கும், ரோட்டோரத்தில் மக்காது. பெங்களூரு கிறிஸ்து பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் சாஜி வர்கீஸ், உதிர்ந்த தென்னை ஓலையில் ஸ்ட்ரா செய்து காட்டினார். நல்ல முயற்சி. ஆங்கிலப் பேராசிரியர் செய்ததை நம்ம மெக்கானிக்கல் பசங்க இன்னும் யோசிக்கவில்லை என்பது தனிக் கதை! ஆனால் எதுவுமே வேண்டாம் என்பதை விட மலிவான மாற்று கிடையாது. ஸ்ட்ராவைத் தவிர்க்க ஆன்லைனில் ஸ்டீல் ஸ்ட்ரா செட் வாங்கி, ரெண்டு நாள் ரீல்ஸ் போட்டுட்டு டிராயரில் போடுவதால் யாருக்கும் பயனில்லை.

ஒரு முக்கியமான விதிவிலக்கு. சிலருக்கு ஸ்ட்ரா ஆடம்பரம் இல்லை, தேவை. பக்கவாதம் வந்தவர்கள், கை நடுக்கம் உள்ள பெரியவர்கள், படுத்த படுக்கையில் இருப்பவர்கள், டம்ளரைத் தூக்க முடியாத மாற்றுத்திறனாளிகள். வளைகிற ஸ்ட்ரா கண்டுபிடிக்கப்பட்டு முதன்முதலில் விற்கப்பட்டதே ஒரு மருத்துவமனைக்குத்தான். அதனால் யாராவது ஸ்ட்ரா வைத்துக் குடிப்பதைப் பார்த்து முறைக்காதீங்க, பாடம் எடுக்காதீங்க. அவர் உடம்பில் என்ன பிரச்சினை என்று நமக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை, இரண்டு கையும் நல்லா இருந்து, ஒரு கையில் போனும் ஒரு கையில் இளநீரும் பிடித்திருக்கிற நமக்கு மட்டும்தான்.

என்ன செய்யலாம்? ரெண்டே ரெண்டு.

ஒன்று, காசை எடுக்கும்போதே சொல்லிடுங்க. "அண்ணா, ரெண்டு இளநி, ஸ்ட்ரா வேணாம்." அக்கா கடை என்றால் "அக்கா, ஸ்ட்ரா வேணாம்." எத்தனை காய் என்பதோடு சேர்த்தே சொன்னால்தான் வேலை செய்யும். காயைக் கையில் வாங்கின பிறகு சொன்னால் என் கதைதான்.

இரண்டு, நம்ம கேன்டீன். அங்கே ஸ்ட்ரா டப்பா கவுன்டரிலேயே நிற்கிறது, கை தானாகப் போகிறது. அதைத் தடை செய்யக்கூட வேண்டாம். டப்பாவை உள்ளே வைக்கட்டும், கேட்பவர்களுக்கு மட்டும் காரணம் கேட்காமல் ஒரு பேப்பர் ஸ்ட்ரா கொடுக்கட்டும். ஒரு வாரம் இப்போது எத்தனை போகிறது என்று எண்ணுவோம், அடுத்த வாரம் டப்பாவை உள்ளே வைத்துவிட்டு எண்ணுவோம். எண்ண நான் தயார், கூட நாலு பேர் வந்தால் போதும். ரெண்டு வாரக் கணக்கையும் அடுத்த இதழில் அப்படியே போடுவோம். குறையவில்லை என்றால் அதையும் போடுவோம்.

அடுத்த பௌர்ணமிக்கும் குபேர லிங்கம் பக்கம் அதே கடையில் நிற்பேன். நம்ம ஊரை 'நினைத்தாலே முக்தி' என்பார்கள். ஸ்ட்ரா விஷயத்தில் நினைத்தால் மட்டும் போதாது. வாயைத் திறந்து சொல்லணும், அதுவும் அண்ணன் காயைச் சீவுறதுக்கு முன்னாடியே சொல்லணும்.