படம் பார்த்தாச்சு, புத்தகம் எதுக்கு?

பெரிய பட்ஜெட்டில் ஒரு விண்வெளிப் படமோ, மாயாஜாலத் தொடரோ வந்தால் பின்னாலேயே ஒரு புத்தகமும் கடைக்கு வந்துவிடுகிறது. அட்டை முழுக்க ஹீரோவின் முகம். கீழே பொடி எழுத்தில் எழுத்தாளரின் பெயர். பதிப்பாளர்கள் இதை 'டை-இன்' நாவல் என்கிறார்கள். படத்தின் கதையை அப்படியே நாவலாக எழுதுவது ஒரு வகை. படத்தில் வரும் பாத்திரங்களை வைத்துப் புதுக்கதை சொல்வது இன்னொரு வகை.

இந்தப் புத்தகங்களைப் பலரும் இடைவேளை பாப்கார்ன் மாதிரிதான் பார்க்கிறார்கள். விமர்சனம் எழுதுகிறவர்கள் தொடுவதில்லை. எழுதியவரைத் தேடிப்போய்ப் பேட்டி எடுப்பவர்களும் குறைவு. ஆனால், பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு பிள்ளை தானாகக் கேட்டு வாங்கும் முதல் நாவல் பல வீடுகளில் இதுவாகத்தான் இருக்கிறது. அது நன்றாக இருந்தால் அடுத்த புத்தகத்துக்குக் கை போகும். சுமாராக இருந்தால், 'புத்தகம்னாலே போர்' என்று அந்தப் பிள்ளை போனுக்குத் திரும்பிவிடும். அதனால், இதில் எது நல்லது, எது வெறும் அட்டை என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

நமக்குப் பழைய பழக்கம்தான்

சினிமாவும் எழுத்தும் கைகோப்பது தமிழுக்குப் புதிதல்ல. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாடல்களுக்கு முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும். சரியாக முடிச்சு விழும் இடத்தில், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள்!

அதைவிடப் பெரிய முயற்சி 1939-ல் நடந்தது. கே.சுப்ரமணியம் இயக்கிய 'தியாக பூமி'யின் கதையைக் கல்கி எழுதினார். படம் தயாரான காலத்திலேயே அது ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களை அச்சிட்டார்கள். வாரா வாரம் படித்தவர்களே பிறகு டிக்கெட் வாங்கினார்கள்.

அறிவியல் சாகசத்தில் அந்த வேலையைச் செய்தவர் சுஜாதா. கமல்ஹாசன் நடித்து 1986-ல் வெளியான 'விக்ரம்' படத்தின் கதை, குமுதத்தில் சுஜாதாவின் தொடராகவும் வந்தது. கடத்தப்பட்ட ராக்கெட், கம்ப்யூட்டர் தெரிந்த கதாநாயகி, சலாமியா என்ற கற்பனை தேசம் என்று அந்தக் காலத்துக்கு எல்லாமே புதுசு. எழுதியவர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த இன்ஜினீயர் என்பதால், கம்ப்யூட்டர் என்ற சொல் அவர் பேனாவில் மந்திரப்பெட்டியாக மாறவில்லை. 2022-ல் வந்த 'விக்ரம்' படத்துக்குப் பெயரும் நாயகனும் வந்தது இந்த 1986 'விக்ரம்' வழியாகத்தான்.

அவருடைய 'என் இனிய இயந்திரா' எதிர்த்திசையில் பயணம் செய்தது. ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, பிறகு தூர்தர்ஷனில் தொடரானது. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குக் கிடைத்த ரசிகர்களால் 'மீண்டும் ஜீனோ' என்று இன்னொரு கதையே வந்தது.

ஓட்டையை அடைத்த அசிமோவ்

ஹாலிவுட்டில் இந்த வகைக்கு இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு.

'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' 1966-ல் வந்த படம். ஒரு நீர்மூழ்கிக் கப்பலையும் அதில் இருக்கும் டாக்டர்களையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி, நோயாளியின் ரத்தக்குழாய்க்குள் அனுப்புகிறார்கள். ஒரு மணி நேரம்தான் கெடு. அதற்குப் பிறகு எல்லாமே பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். படத்தின் முடிவில் மனிதர்கள் வெளியே வந்துவிடுகிறார்கள். கப்பலை வெள்ளை அணு விழுங்கிவிடுகிறது.

இந்தக் கதையை நாவலாக்கும் வேலை ஐசக் அசிமோவிடம் வந்தது. அவர் உயிர்வேதியியல் பேராசிரியர். விழுங்கப்பட்ட கப்பலும் வளருமே, நோயாளி உடம்பு என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. நாவலில் அந்த வெள்ளை அணுவையும் கப்பலோடு சேர்த்து உடம்பைவிட்டு வெளியே இழுத்துவந்து, ஓட்டையை அடைத்துவிட்டார். வேகமாக எழுதுகிறவர் என்பதால் படத்துக்கு முன்பே புத்தகம் வந்துவிட்டது. புத்தகத்தைத்தான் படமாக எடுத்தார்கள் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள்.

இரண்டாவது, '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. கொழும்பில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் சி.கிளார்க்கும் இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய கதை. 1968-ல் முதலில் படம், சில மாதங்களில் நாவல். படத்தில் விண்கலம் போவது வியாழனுக்கு, நாவலில் சனிக்கு! சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி காட்டுவது அன்றைக்குப் பெரும்பாடு. பேனாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கிளைமாக்ஸ் புரியாமல் தியேட்டரைவிட்டு வந்தவர்களுக்கு நாவல் நிதானமாக விளக்கமும் கொடுத்தது.

அசிமோவும் கிளார்க்கும் படத்தை நகல் எடுக்கவில்லை. படம் பதில் சொல்லாமல் விட்ட இடத்தில் எழுதினார்கள்.

எர்ணாவூரை எழுதிப் பார்த்தால்…

அப்படி விட்ட இடம் எப்படி இருக்கும் என்று வடசென்னையை வைத்தே பார்க்கலாம். எதிர்கால நகரம் ஒன்று நாசமாகிக் கிடப்பதைக் காட்ட, ஒரு இயக்குநருக்கு எண்ணூர் பக்கம் கேமராவைத் திருப்பினால் போதும். புகைபோக்கி, சாம்பல், வரிசையாக கன்டெய்னர் லாரிகள். பின்னணி இசையோடு நாலு விநாடி ஷாட். முடிந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் எர்ணாவூர் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் வந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் படகிலும் வலையிலும் கறுப்பாகப் படிந்தது. இதைத் திரை எண்ணெயின் நிறமாகக் காட்டும். ஆனால், வடிந்த பிறகு சுவரில் எந்த உயரம் வரை கோடு நின்றது, பீரோவில் இருந்த புடவையை எத்தனை முறை துவைத்தும் வாசம் போகவில்லை, வலையைக் கழுவுவதா தூக்கிப்போடுவதா என்ற வீட்டுச் சண்டை எப்படி முடிந்தது… இதெல்லாம் நாவலின் வேலை. ஒரு டை-இன் நாவல், படத்தின் நாலு விநாடி ஷாட்டுக்குள் போய் அங்கே குடியிருப்பவர்களைக் காட்டுகிறதா? அப்படியானால் காசு கொடுத்து வாங்கலாம்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே மூன்று விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

* முதல் 2 பக்கங்களைப் படியுங்கள். படத்தின் முதல் காட்சியை வரிக்கு வரி ஒப்பித்தால் வைத்துவிடுங்கள்.
* படத்தில் ஒரே காட்சியில் வந்துபோன ஆளுக்குப் புத்தகத்தில் வீடு, வேலை, பயம் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டுங்கள்.
* படம் பார்க்காதவருக்கும் கதை புரியுமா? புரியாது என்றால் அது ரசிகர்களுக்கான நினைவுப்பொருள் மட்டுமே.

எழுதியவரிடம் என்ன கேட்கலாம்?

புத்தகக் காட்சியிலோ, கல்லூரி விழாவிலோ, ஆன்லைன் உரையாடலிலோ இப்படிப்பட்ட எழுத்தாளரைச் சந்தித்தால், 'ஹீரோவை நேரில் பார்த்தீங்களா?' என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள்.

'எழுதும்போது உங்க கையில என்ன இருந்தது?' இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். படத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் குறைவு. பல நேரம் திரைக்கதைப் பிரதி மட்டும்தான் கிடைக்கும். 1979-ல் வந்த 'ஏலியன்' படத்தை நாவலாக்கிய ஆலன் டீன் ஃபாஸ்டருக்கு, அந்த ஜந்து எப்படி இருக்கும் என்றே ஸ்டுடியோ காட்டவில்லை. உருவத்தைச் சொல்லாமலேயே அவர் பயமுறுத்த வேண்டியிருந்தது.

'எதை மாத்தக் கூடாதுன்னு சொன்னாங்க?' என்று அடுத்து கேட்கலாம். முடிவை மாற்ற முடியாது, முக்கியப் பாத்திரத்தைக் கொல்ல முடியாது என்ற கட்டுகளுக்குள் என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய திறமை தெரியும்.

மூன்றாவது, பெயரும் பணமும். 1976-ல் 'ஸ்டார் வார்ஸ்' நாவல் படத்துக்கு முன்பே கடைக்கு வந்தது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர். எழுதியவர் அதே ஃபாஸ்டர். 2020 நவம்பரில், தன் நாவல்களுக்கான ராயல்டி வரவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஸ்டார் வார்ஸ், ஏலியன் இரண்டின் உரிமையும் அப்போது டிஸ்னி கைக்கு வந்திருந்தது. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கமும் அவரோடு நின்றது. கம்பெனி கைமாறும்போது எழுத்தாளரின் ஒப்பந்தம் என்ன ஆகும் என்ற கேள்வி உலகம் முழுக்கப் பேசப்பட்டது அதன் பிறகுதான்.

தமிழில் இன்று படங்களுக்கும் வெப் சீரிஸ்களுக்கும் எழுதும் இளைஞர்களுக்கும் இது முக்கியம். கதையை நாவலாக்கும் உரிமை யாருக்கு, அட்டையில் யார் பெயர், இரண்டாம் பதிப்புக்குப் பணம் உண்டா? கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

வாசகர்களுக்கும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அடுத்த முறை ஹீரோ முகம் போட்ட புத்தகத்தைக் கையில் எடுத்தால், அட்டையின் அடியில் இருக்கும் அந்தப் பொடி எழுத்துப் பெயரையும் படித்துவிடுங்கள். கதை பிடித்திருந்தால், அவர் சொந்தமாக எழுதிய நாவல் ஏதாவது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.