அவுட்புட் வந்தால் போதுமா?

கிண்டியில் கல்லூரி லேபிலும் சரி, ஐ.டி. அலுவலகத்திலும் சரி, அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "அவுட்புட் வந்தா போதும் சார், ஃபங்ஷன் பேரு எதுவா இருந்தா என்ன?" சோம்பலுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது. மற்ற இடங்களில் எப்படியோ, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மெமரியைக் கையாளும் கோடில் இந்த நம்பிக்கை தரவையே கெடுத்துவிடும்.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேபில் பேஜிங், ஃபைஃபோ, எல்.ஆர்.யு. போன்ற மெமரி கையாளும் முறைகளை எல்லாம் எழுதியாக வேண்டும். சீனியரிடமிருந்து ஜூனியருக்கு இறங்கிவரும் ரெக்கார்டு நோட்டைப் புரட்டுங்கள்: ஐ, ஜே, கே, என், ஏ என்று பெயர்கள், மொத்த வேலையும் மெயினுக்குள். நாற்பது வரியில் இது ஓடிவிடும். கோடிக்கணக்கான வரிகளில், ஆயிரக்கணக்கானோர் கைவைக்கும் லினக்ஸ் கர்னலில் ஓடாது.

அங்கே மெமரியின் ஒரு துண்டான பேஜைப் பிடித்தால், அதைப் பிடித்திருப்போர் எண்ணிக்கை ஒன்று கூடும், அது 'கெட்'. விட்டால் ஒன்று குறையும், அது 'புட்'. பூஜ்யமானால்தான் பேஜ் விடுதலையாகும். 'கெட் யூசர் பேஜஸ்' என்ற ஃபங்ஷனும் இதே எண்ணிக்கையைத்தான் கூட்டியது. ஆனால் அதை அழைத்த பலருக்குத் தேவை வேறு: ஏதோ ஒரு சாதனம், ப்ராசஸரைக் கேட்காமல், அந்தப் பேஜில் நேரடியாக எழுத வேண்டும். ஃபைல் சிஸ்டமோ பேஜை டிஸ்க்கில் சேர்த்தாயிற்று, இனி மாறாது என்று நம்பிக்கொண்டிருக்கும். அதன் பிறகு சாதனம் எழுதினால் தரவு கெடும். இரு வகைப் பிடிப்பும் ஒரே பெயரில், ஒரே கணக்கில் கிடந்ததால் எது எதுவென்று பிரிக்க வழியில்லை.

2019இல், 'கெட் யூசர் பேஜஸ்' பிடித்ததை விடுவதற்கென 'புட் யூசர் பேஜ்' என்று தனி ஃபங்ஷன் வந்தது. 'புட் பேஜ்' ஏற்கெனவே இருக்க, இது குழப்பத்துக்குத் தோதான பெயர். 2020இல், 5.6 பதிப்பில், சாதனம் எழுதுவதற்கான பிடிப்பைத் தனியே கணக்கிட 'பின் யூசர் பேஜஸ்' வந்தபோது இதன் பெயரை 'அன்-பின் யூசர் பேஜ்' என்று மாற்றினார்கள். 'பின்' போட்டவர் 'அன்-பின்' செய்ய வேண்டும். ஜோடி தவறினால் ரிவ்யூ செய்பவர் கண்ணில் உடனே படும்.

கணக்கைப் பிரித்ததுதான் வைத்தியம், பெயர் அல்ல என்பார்கள். எந்த இடத்தில் எந்தப் பிடிப்பு என்று அழைப்புகளைத் தேடிப் பிரிக்காமல் அந்தக் கணக்கை எப்படி வைப்பது?

பெயரை மாற்றினால், கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் வரலாறு குழம்பும் என்பது அடுத்த வாதம். குறிப்பிட்ட மாற்றத்தை ஒதுக்கிவிட்டு வரலாற்றைக் காட்டும் வசதி கிட்டில் 2019இலேயே வந்துவிட்டது. பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் கொண்டுபோவது சிரமம் என்பது மட்டும் நியாயம். அதனால் ரசனைக்காகப் பெயர் மாற்றுவதை நானும் எதிர்க்கிறேன். நான்கு வரி லூப்புக்குள் ஐ இருந்தால் இருக்கட்டும். பொய் சொல்லும் பெயர் இருக்கக் கூடாது.

லேபில் மார்க் போடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவுட்புட்டுக்கு மார்க் போடுங்கள். ஆனால் ஃபங்ஷன் பெயரைப் படித்ததும் அது எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்று தெரியாவிட்டால் பாதியைக் குறையுங்கள்.